சர்க்கார் கத்தியும் ரோஸ் கலர் கத்தியும்

அந்தப் புரட்டாசியில் எங்கள் வீட்டில் யார் உடம்பிலும் கத்தி படக்கூடாது என்பது பெரியம்மாவின் உத்தரவு. தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே சளியும் இழுப்புமாக இருந்தது. பிள்ளை தேறினால் திருவண்ணாமலையில் முதல் மொட்டை என்று பெரியம்மாதான் வேண்டிக்கொண்டாள். ராஜபாளையத்துக்காரர்களான எங்களுக்குத் திருவண்ணாமலை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெருமாள் மலைதான். மொட்டை முடியும் வரை வீட்டில் சவரம், முடிவெட்டு எதுவும் கிடையாது.

இதில் அதிகம் அவதிப்பட்டவர் பெரியப்பா. ராணுவத்தில் இருந்து வந்தவர். காப்பி இல்லாமல் இருந்துவிடுவார், காலையில் சவரம் செய்யாமல் இருக்க மாட்டார். இப்போது தாடிக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டே பேப்பர் படித்தார். அப்பாவும் ராணுவம்தான், வடக்கே எங்கோ இருந்தார். அவர் அங்கே தாடி வளர்க்க முடியாதே என்று அம்மா பயந்து பயந்து கேட்டபோது, பெரியம்மா செத்த நேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள்.

"அது சர்க்கார் கத்தி. கணக்குல சேராது."

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். எதற்கும் கவலைப்படுகிற பிள்ளை. இந்த விலக்கைப் பெருமாளுக்கு யாராவது தெரியப்படுத்தினார்களா என்று சோறு இறங்காமல் கவலைப்பட்டேன்.

சித்தி எங்கள் வீட்டில் தங்கியிருந்த காலம் அது. அம்மாவின் தங்கை. வத்திராயிருப்பில் கபடி ஆட ஆளில்லை என்று, பயிற்சிக்காக அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதில் தேறினால் பின்னால் போலீஸ் வேலைக்கு அது உதவும் என்பது சித்தியின் திட்டம். திட்டத்தில் ஒரு முள். அரைக்கால் டிரவுசர் போட்டுத்தான் ஆட வேண்டும். முந்தின ஆட்டத்தில் கோட்டுக்கு வெளியே நின்ற பயல்கள் சித்தியின் காலைப் பார்த்து, "கரடி ரெய்டு வருதுலே, ஓடுங்கலே!" என்று கத்தியிருக்கிறார்கள். யாருக்கும் பயப்படாத சித்தி அன்றைக்கு மூச்சுப் பிடிக்க முடியாமல் நடுக்கோட்டிலேயே நின்று அவுட் ஆனாள்.

முடி எடுக்கும் க்ரீம் போட்டுப் பார்த்து ஏற்கெனவே கால் சிவந்து வீங்கியிருந்தது. தெருமுனை பார்லருக்குப் போனால், அவள் திரும்பி வருவதற்குள் செய்தி பெரியம்மாவிடம் வந்துவிடும். மிச்சம் இருந்தது ரேசர்தான்.

"சித்தி, கத்தி படக்கூடாதே. தம்பிக்கு ஏதாவது ஆயிரும்" என்றேன்.

"ஏட்டி, சர்க்கார் கத்திக்கு விலக்கு உண்டுன்னா பொம்பளக் கத்திக்கும் உண்டு. நேந்துக்கிடும்போது உங்க பெரியம்மா பொம்பளக் கத்தியவா நெனச்சிருப்பாவ?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பயம் போகவில்லை.

ஆண்டாள் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள். கும்பிட்டுவிட்டுத்தான் கடைக்குப் போனோம். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே. ஃபேன்சி கடையில் கடைக்காரர் தொழுகைக்குப் போயிருந்தார். முக்காடு போட்ட அவர் மனைவி கல்லாவில் இருந்தார். சித்தி வளையலைப் பார்த்தாள், கிளிப்பைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள். அந்த அக்கா கடைசியில் தானே கேட்டுவிட்டார்.

"என்னம்மா, ரேசரா?"

"எப்படிக்கா கண்டுபிடிச்சிய?"

"தேவையில்லாததையெல்லாம் எடுத்துப் பாக்கிறவுக அதுக்குத்தான் வருவாக."

மூன்று வகை எடுத்து வைத்தார். ஒன்று பேனா போல மெல்லிசாக, மடக்கி வைக்கிற மாதிரி. ஒன்று மஞ்சள் நிறத்தில், பாக்கெட்டில் அடைத்தது, ஒற்றை பிளேடு. மூன்றாவது ரோஸ் கலரில் நீளப் பிடி, மூன்று பிளேடு, சுற்றிலும் வழவழப்பாகப் பட்டை.

"இந்த ஒல்லி மொகத்துக்கு. இத வச்சுக் கால வழிச்சா தீபாவளி வந்துரும்" என்று முதலாவதைத் தள்ளி வைத்தார்.

நான் மஞ்சளைக் கையில் எடுத்துக்கொண்டேன். என் கணக்கு எளிமையானது. ஒரு பிளேடு என்றால் ஒரு பாவம். மூன்று பிளேடு என்றால் ஒவ்வொரு இழுப்புக்கும் மூன்று.

"சித்தி, இதுல கத்தி கம்மி."

"சாமி என்ன பிளேடு எண்ணிக்கிட்டா இருக்கு?" என்று சித்தி என் கையிலிருந்து பிடுங்கினாள். முட்டியில் ஆறாத சிராய்ப்பு இருப்பதைக் கடைக்கார அக்காவிடம் காட்டினாள். அவர் ரோஸ் ரேசரின் தலையை விரலால் தட்டினார். அது வளைந்து கொடுத்தது.

"மஞ்சள் நேரா இழுக்கும், மேடு பள்ளம் பாக்காது. புண்ணுல மாட்டும். இது வளைஞ்சு போவும். அழுத்தாத. சோப்பு போட்டு ஊற விடு, முட்டிய மடக்கி வச்சுக்க, புண்ண ஒதுக்கிட்டு வழி. ரெண்டு இழுப்புக்கு ஒருக்க தண்ணில அலசு. ஒருத்தர் ரேசர அடுத்தவுக தொடக் கூடாது."

சித்தி யோசிக்கவேயில்லை. ரோஸ் கலரைப் பையில் போட்டாள். பஸ்ஸில் வரும்போது எதிரே வந்த ஒவ்வொரு கோபுரத்துக்கும் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் பெரியம்மா சோழபுரத்துக்கு ஒரு வளைகாப்புக்குப் போனாள். சித்தி குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். நான் வாசலில் காவல். உள்ளே தண்ணீர் சத்தமும் பாட்டும் கேட்டன. வெளியே வந்தபோது சித்தியின் கால் புதுப் பித்தளைக் குடம் போல மின்னியது. புதிதாக ஒரு கீறல்கூட இல்லை. நீளப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, ரேசரைக் குளியலறை மாடத்தில் சோப்பு டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

பெரியம்மா திரும்பி வந்தபோது தம்பிக்கு உடம்பு கொதித்தது.

மூன்று பிளேடு. நான் அப்போதே சொன்னேன்.

நெற்றியில் துணி போடுவதற்காகக் குளியலறைக்குத் தண்ணீர் எடுக்கப் போன பெரியம்மா, கை கழுவச் சோப்பு எடுக்க மாடத்தில் கையை விட்டு, ரோஸ் ரேசரோடு முற்றத்துக்கு வந்தாள். செத்த எலியைப் பிடிப்பது போல இரண்டு விரலால் பிடித்திருந்தாள்.

"யாருது இது? பச்சப்புள்ள அனலாக் கெடக்கு. இந்த வீட்டுல கத்தி வச்சது யாரு?"

அம்மா தம்பியை இறுக்கிக்கொண்டாள். அவள் தங்கைதான் என்று வந்தால் பேச்சு அம்மா மேல்தான் விழும். சித்தி அன்றைக்கே வத்திராயிருப்புக்குப் பஸ் ஏற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. சித்தியின் உதடு பிரிந்தது. சொல்லிவிடப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நேருக்கு நேர் கேட்டால் அவளுக்குப் பொய் வராது.

அப்போது பெரியப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

"குடு அத. வெளிச்சத்துல பாக்கேன்."

ரேசரை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனார். கொஞ்ச நேரம் ஆயிற்று. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னுதுதான். காலையில கழுத்த வழிச்சேன். அரிப்பு தாங்கல."

துண்டை விலக்கினார். தாடிக்குக் கீழே கழுத்து வெள்ளையாக இருந்தது. ஓர் இடத்தில் வெட்டுப்பட்டுச் சட்டைக் காலரில் ரத்தம்.

பெரியம்மா அந்தக் கழுத்தையே பார்த்தாள். பிறகு சித்தியின் பாவாடை விளிம்பைப் பார்த்தாள். மறுபடியும் கழுத்தைப் பார்த்தாள்.

"பொம்பளப்புள்ள சாமான்ல வழிச்சிருக்கியளே, வெக்கமா இல்ல?"

"கடையில இதுதான் இருந்துச்சு."

"அபராதமா நீங்களும் மலையில மொட்ட போடணும்."

"போட்டாப் போச்சு" என்றார் பெரியப்பா, பேப்பரை விரித்தபடி.

பெரியம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். பொழுது சாய்வதற்குள் தம்பியின் ஈறில் வெள்ளையாக ஒரு பல் முனை தெரிந்தது. காய்ச்சலும் தணிந்தது.

எனக்குப் பெரியப்பா மேல் பயங்கரக் கோபம். ஒருத்தர் ரேசரை அடுத்தவர் தொடக்கூடாது என்று அந்த அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சித்தியிடம் ஓடி, "பெரியப்பா உன் ரேசர எடுத்து வழிச்சிருக்காரு" என்றேன். சித்தி பெரியப்பாவின் சட்டையைக் கேட்டு வாங்கிக் காலரைத் தேய்த்துத் தேய்த்துத் துவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி அரைக்கால் டிரவுசரில் கோட்டைத் தாண்டிப் போனபோது எந்தப் பயலும் கரடி என்று கத்தவில்லை. கத்தியிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. மூன்று பேரைத் தொட்டுவிட்டு, பிடிக்க வந்தவளையும் இழுத்துக்கொண்டு கோட்டில் வந்து விழுந்தாள். அணியில் அவள் பெயர் இருந்தது.

மலையில் தம்பிக்கும் பெரியப்பாவுக்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து மொட்டை போட்டார்கள். பெரியம்மா இருவர் தலையிலும் சந்தனம் தடவினாள். மிச்சத்தைப் பெரியப்பாவின் கழுத்துக் கீறலிலும் வைத்து, வாயை மூடிச் சிரித்தாள். பெருமாள் அவரைச் சரியாகத் தண்டித்துவிட்டார், அதற்குத்தான் சிரிக்கிறாள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். முற்றத்தில் அவ்வளவு வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது, வெளிச்சத்தில் பார்க்கிறேன் என்று அந்த மனுஷன் எதற்காக இருட்டுக் குளியலறைக்குள் போனார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவேயில்லை.