மூன்று நாள் தாங்கிய சோலார் செல்

காலையில் முதல் வேலையாக லேபுக்குப் போய் என் சோலார் செல்களைப் பார்த்தேன். இந்தப் புதுவகை செல்லில் வழக்கமாகச் சேர்க்கும் நச்சு ஈயத்துக்குப் பதில் வெள்ளீயம் வைத்துச் செய்தவை. மூன்று நாள் முன்பு கன்னங்கரேலென்று இருந்தவை, காற்றுப் பட்டு மஞ்சளாக வெளிறிக் கிடந்தன.

பகுதிநேர பிஎச்.டி.யில் ஆறாவது வருடம். இதுவரை ஒரு செல்கூட ஒரு வாரம் தாங்கியதில்லை.

கைடிடம் காட்டினேன். "செஞ்ச அன்னிக்கு எடுத்த ரீடிங் நல்லாத்தானே இருக்கு மேடம்? அத மட்டும் தீசிஸ்ல போடுங்க. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க," என்றார்.

சாயங்காலம் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பக்கத்து வீட்டு மாமி.

"எங்காத்து மாடியில சோலார் வெச்சாச்சு. இருபத்தஞ்சு வருஷம் கேரண்டியாம். நீ பண்றது எத்தனை வருஷம்மா வரும்?"

"மூணு நாள், மாமி."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "போடி, நன்னா கேலி பண்றே!"

நானும் சிரித்தேன். பஸ் காவிரிப் பாலம் ஏறியதும் அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ரீடிங்கையும் தீசிஸில் போடப் போகிறேன். கைடு கையெழுத்துப் போடாவிட்டால் ஆறு வருடமும் வீண். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.

இந்தப் பதிவு கைடு கண்ணில் படாதபடிதான் போட்டிருக்கிறேன். திட்டுவதானால் கமெண்டில் திட்டுங்கள். தயவுசெய்து அவரை டேக் மட்டும் செய்துவிடாதீர்கள்.