கண்ணை மூடினால் கடல்

மகள் பரீட்சைக்குப் படிக்க உட்காருமுன் கைபேசியில் ஒரு மனப்பயிற்சி கேட்பாள். நேற்று, கண்ணை மூடச் சொன்ன குரலுக்குப் பின்னால் அலைச்சத்தம் எழுந்தது. என் கை தானாகவே அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

சுனாமிக்குப் பிறகு தேற்றாத்தீவில் ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்தோம். கிழமைக்கொரு பயிற்சி நடக்கும்: தன்னம்பிக்கை, நேர்சிந்தனை, தலைமைத்துவம். முடிவில் மீன் வைத்துப் பொரித்த பற்றிஸ் தின்னத் தருவார்கள் என்பதால் தலைமைத்துவத்தை மட்டும் நான் மூன்று முறை முடித்திருந்தேன்.

ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த மிஸ், "எல்லாரும் கண்ணை மூடுங்க. நீங்க கடற்கரையில இருக்கிறீங்க. அலை மெதுவா உங்களைத் தேடி வருது" என்று சொல்லிக் கசெட்டைப் போட்டார்.

அலை இரைந்தது. பின்வரிசையிலிருந்து என் அம்மா கத்தினார்: "ஓடுங்க புள்ளையள், கடல் வருகுது!"

மண்டபமே கடலுக்கு எதிர்த்திசையிலிருந்த வாவிப் பக்கம் ஓடியது. எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் மிஸ்தான். அவருடைய ஒற்றைச் செருப்பு வாசலிலேயே கிடந்தது.

வாவிக்கரையில் நின்று மூச்சு வாங்கும்போதுதான் பார்த்தேன். அம்மா பற்றிஸ் பெட்டியை அப்படியே தூக்கி வந்திருந்தார்.

"கடல் வருகுதெண்டுதானே ஓடினீங்க, இது என்னத்துக்கம்மா?"

"கடல் வந்தாலும் பசிக்கும்தானே மகள்."

மிஸ்ஸும் இரண்டு தின்றார். அந்த வருடம் நான் கேட்ட நேர்சிந்தனை அது ஒன்றுதான்.

"அம்மா, கையை விடுங்க. அமைதியா இருக்கோணும்" என்றாள் மகள், கண்ணைத் திறக்காமலே.

விட்டேன். மேசையிலிருந்த பிஸ்கட் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.