ஸாயிமாவிடம் கேட்காத சம்மதம்

“…அவவுக்கு என்ன விளங்கப் போகுது, புள்ள? நான்தானே இரிக்கன். ஒப்பம் எங்க வைக்கிறதெண்டு மட்டும் காட்டிக் குடுங்க” என்றார் மாமியார், ஏறாவூர்க்காரர்.

கட்டிலில் இருந்த மருமகள் ஸாயிமா கராச்சிக்காரி. மகன் துபாயில் அவளைக் கலியாணம் முடித்து, பிள்ளைப்பேற்றுக்குத் தாயிடம் அனுப்பியிருந்தார். தமிழில் நாலைந்து சொல்தான் தெரியும். பிள்ளையின் தலை கீழே திரும்பாததால் சிசேரியன் என்று முடிவாகியிருந்தது. நான் அட்டெண்டனாக இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் உருது தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால், சம்மதத் தாளை விளங்கப்படுத்தி ஒப்பம் வாங்கி வர டொக்டர் என்னை அனுப்பியிருந்தார்.

சவூதியில் ஆஸ்பத்திரி கிளீனராக இருந்தபோது, ஷபானா என்ற பாகிஸ்தான் நேர்ஸ் தினமும் ஓர் இங்கிலீஷ் சொல் சொல்லித் தருவாள். பிறகு உருதுப் பொருள், பாவிக்கும் விதத்துக்கு ஒரு வசனம். தமிழ் எழுத்தில் எழுதி வைப்பேன். கன்சென்ட் என்றால் ரஸாமந்தி, சம்மதம். ‘நோயாளியின் ரஸாமந்தி இல்லாமல் கத்தி வைக்கக் கூடாது.’ பாடமாக்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அதுவே பெருமை.

ஆனால் பெரியவர் பக்கத்தில் இருக்க மருமகளிடம் நேரே கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. தாளில் விரலை வைத்துக் காட்டினேன். ஸாயிமா கையெழுத்திட்டாள்.

டொக்டர் தாளைப் பார்த்தார். “அக்கா, விளங்கப்படுத்தினீங்களா? அவ என்ன கேட்டவ?”

“ஒண்டும் கேக்கல்ல டொக்டர்.”

“வயித்தை வெட்டப் போறம். ஒண்டுமே கேக்கல்லயா?”

முகம் சுட்டது. திரும்பிப் போய்க் கட்டிலருகே குனிந்து, “இது உங்களுடைய ரஸாமந்தி. கேட்க வேண்டியதைக் கேளுங்கள்” என்று உருதுவில் சொன்னேன்.

என் கையை இறுகப் பிடித்தாள். “பச்சா பச் ஜாயேகா?”

“என்னகா கேக்கிறா?” என்றார் மாமியார்.

“பிள்ள தப்புமா எண்டு கேக்கிறா, ராத்தா.”

காலையிலிருந்து எல்லாரும் தலைமாட்டில் நின்று தமிழில் குசுகுசுத்ததைப் பார்த்து, பிள்ளை கிடைக்காது என்றே நினைத்திருக்கிறாள். அப்படி நினைத்துக்கொண்டுதான் கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.

வார்ட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: ஒரு கேள்வியும் கேட்காமல் நோயாளி ஒப்பம் வைத்தால், அதைச் சம்மதமென்று எடுக்காதீர்கள்.

மாமியார் எழும்பி, மருமகளின் நெற்றியில் முத்தம் கொஞ்சினார். தான் இருந்த கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டு, திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே போனார்.