இருபத்து மூன்றாவது மரத்துக்குப் பிறகு

ராத்திரியில் நடந்ததென்றால் நானே நம்பியிருக்க மாட்டேன். ஆனால் இது காலை எட்டு மணிக்கு, நல்ல வெயிலில் நடந்தது. பௌர்ணமிக்கு மறுநாள். கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் மும்பையில் மாட்டுங்கா வந்தால் அன்று நான் எழுதிய ஷீட்டைக் காட்டுகிறேன்.

மான்குர்துக்குப் பின்னால் கடல்நீர் ஏறி இறங்கும் அலையாத்திக் காடு. எங்கள் வனப் பயிற்சியின் கடைசித் தேர்வு அங்கேதான். போன தடவை ஷீட்டைப் பாதியில் மூடிவிட்டேன் என்று பயிற்சி அதிகாரி ஜெயராம் சார் என்னை பெயிலாக்கியிருந்தார். இதிலும் போனால் சர்வே வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

வேலைக்கு இரண்டு பேர். ஒருவர் உள்ளே போய் மரத்தை அளந்து, நம்பர், மரவகை, சென்டிமீட்டரில் சுற்றளவு என்று கத்துவார். வெளியே நிற்பவர் அதைத் திருப்பிச் சொல்லி எழுதுவார். உள்ளிருப்பவர் 'முடிஞ்சுது' என்று சொல்லும்வரை நகரக்கூடாது.

உள்ளே போனவன் சைஃப். தாராவிக்காரன், எதிலும் அவசரம். பத்தடிக்கு அப்பால் இலைதான் தெரியும், ஆள் தெரியாது.

"யக்கா, இருபத்திமூணு, கண்டல், முப்பத்தாறு!"

திருப்பிச் சொல்லி எழுதினேன். மணி 7.52. தகர நம்பர் அடித்த மரங்கள் அவ்வளவுதான்.

பிறகு சத்தமில்லை. 8.04-க்கு ஒரு குரல்.

"எண்பத்தெட்டு."

இந்தக் காட்டில் அவ்வளவு பெருத்த மரமா? நம்பர் அடிக்காத மரமாக இருக்கும் என்று எழுதிக்கொண்டேன். மரவகை சொல்லவில்லை. யக்காவும் இல்லை.

8.13. "தொண்ணூத்தாறு."

8.21. "நூத்தி ஒம்பது."

மரத்துக்கு மரம் போனால் குரலும் நகர வேண்டாமா? ஒரே இடத்திலிருந்து வந்தது. என் பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது.

"சைஃப், தண்ணி ஏறிடுத்து. போறும், வா!"

'முடிஞ்சுது' இன்னும் வரவில்லை. தேர்வு போய்விடுமே என்று அங்கேயே நின்றேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

8.30. "நூத்தி இருபத்தொண்ணு..."

அந்தக் குரலுக்கு மூச்சு வாங்கியது.

போன் அடித்தது. சைஃப்!

"யக்கா, எங்க நிக்கிய? நான் எட்டு மணிக்கே முடிஞ்சுதுன்னு கத்திட்டு அந்தப் பக்கமா ஏறிட்டேம்லா. கரையில நிக்கேன்."



8.37.

உள்ளேயிருந்து...

"நூத்தி... முப்பத்திநாலு..."

ஓடினேன். முழங்கால்வரை தண்ணீர்.

கரையேறும்போது 8.45.

"நூத்தி... நாப்பத்தேழு..."

மடக்கென்று தண்ணீர் விழுங்கும் சத்தம்.

அப்புறம் ஒன்றுமில்லை.

கரையில் உட்கார்ந்து கடைசி இரண்டு எண்களையும் எழுதினேன். ஜெயராம் சார் ஷீட்டை வாங்கிப் பார்த்தார். அவர் விரல் எண்பத்தெட்டில் நின்றது.

"இதெல்லாம் மரமில்லம்மா," என்றார் கடைசியில். "ஆறு வருஷம் முன்னாடி காசிம்னு ஒருத்தன் இங்கே அளந்தான். எழுதினது நான். இருபத்திமூணு முடிஞ்சப்புறம், எண்பத்தெட்டுன்னு ஒரு தடவை கத்தினான். அத்தனை பெரிய மரம் இங்கே ஏது, கேலி பண்றான்னு ஷீட்டை மூடிட்டு வந்துட்டேன். மறுநாள் உடலை எடுத்தப்போ அவன் கால் சேத்துல மாட்டியிருந்தது. ஏறுற தண்ணியை அளந்து சொல்லியிருக்கான். மீதியைக் கேக்க நான் அங்கே இல்ல."

எனக்கு பாஸ் போட்டார். காசிமின் பழைய மெடிக்கல் கார்டையும் காட்டினார். உயரம் 165 சென்டிமீட்டர்.

நானும் அதே உயரம். வீட்டுக்கு வந்து, நேராக நின்று, தரையிலிருந்து டேப்பைப் பிடித்துப் பார்த்தேன்.

நூற்று நாற்பத்தேழு என் உதட்டில் நின்றது.