அரசாணிக்காய் எந்த ஊர்?

அச்சு மையும் கோந்தும் கலந்த ஒரு வாசனை உண்டு. முதல் நாள் குமட்டும். ஒரு வாரத்தில் அது இல்லாமல் டீயே இறங்காது... என் முதல் வேலை அந்த வாசனையில்தான் ஆரம்பித்தது.

கோயமுத்தூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு சின்ன அச்சகம். நாளுக்கொரு தாளாகக் கிழிக்கிறோமே, அந்தக் காலண்டர் போடுகிற இடம். முன்பக்கம் நல்ல நேரம், ராகு காலம். பின்பக்கம் சும்மா கிடக்கிறதே என்று முதலாளிக்கு ஒரு யோசனை. நான் சரித்திரம் படித்தவள் என்று வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

"தெனத்துக்கும் ஒரு சேதி எழுதோணும் கண்ணு. படிச்சவன் 'அட!'ன்னு சொல்லோணும். அவ்வளவுதான்."

ஆறு மாதம் நூலகமே கதி. படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. உருளைக்கிழங்கு நம்முடையது இல்லையாம். தக்காளி இல்லையாம். அட, மிளகாய்கூட இல்லையாம்! எல்லாம் அமெரிக்கக் கண்டத்தில் விளைந்து, கப்பலேறிப் போர்த்துக்கீசியரோடு இந்தப் பக்கம் வந்தவையாம். நம் ஊர் மில்களில் ஓடிய கம்போடியாப் பருத்திகூட, அமெரிக்காவில் பிறந்து கம்போடியா சுற்றி இங்கே வந்து சேர்ந்த ரகமாம்.

வீட்டில் அம்மா குழம்பு ஊற்றினால் தட்டையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"ஏன் கண்ணு, உப்புப் பத்தலியா?"

உப்பாவது நம்முடையதுதானே என்று பிசைந்து சாப்பிட்டேன்.

அந்தக் குழப்பத்தோடுதான் மாசி மாதத் தாள் ஒன்றின் பின்னால் இப்படி எழுதினேன்: 'நாம் நாட்டுக்காய் என்று நினைக்கும் அரசாணிக்காயின் பூர்வீகம் அமெரிக்கா.' மற்ற ஊர்களில் மஞ்சள் பூசணி என்பார்களே, அதேதான். அச்சாகி, வீடுவீடாக ஆணியில் தொங்கி, நான் மறந்தே போனேன்.

மாசி வந்தது. ஒரு நாள் காலையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் படியேறி வந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"ஏனுங்க, இதை எழுதுனது ஆருங்க?"

"நான்தானுங்க" என்றேன். பெருமையாகச் சொன்னேன், அதுதான் வெட்கக்கேடு!

பெயர் சென்னியப்பன். தாராபுரம் பக்கத்தில் விவசாயம். மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி, தாயும் பிள்ளையும் பிழைத்தால் ஒரு வயல் அரசாணிக்காயையும் மாசித் திருவிழா அன்னதானத்துக்கே தருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். இருவரும் பிழைத்தார்கள். காயும் நன்றாகக் காய்த்தது. ஆனால் அந்தக் கோயில் சமையலில் கோஸ், கேரட் என்று எந்தச் சீமைக்காயும் சேர்க்கக் கூடாது, நாட்டுக்காய் மட்டும்தான் என்பது வழக்கம். திருவிழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது கோயில் காலண்டரில் என் தாள் கிழிந்தது...

"காலண்டருல பொய்யா போடுவாங்கன்னு கேக்கறாங்க அம்மணி. அதப் பாத்துத்தானுங்க கண்ணாலமே வெக்கறோம். ஏத்துன காய எறக்கச் சொல்லிப்போட்டாங்க. வேண்டுதல் நின்னுபோனா பேத்திக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு ஊட்டுல ஒரே அழுகைங்க. இது நிசமாங்க?"

நிஜம்தான். ஆனால் அந்த நிஜத்தை வைத்துக்கொண்டு இவர் என்ன செய்வார்?

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். "அச்சுப்பிழைன்னு எழுதிக் குடுத்துரு கண்ணு. அவங்க குடும்பம் நல்லா இருக்கட்டும்."

எழுதினேன். அச்சகத்து முத்திரைகூடக் குத்தினேன். அவர் எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தார்.

"சீட்டு ஊருக்குங்க அம்மணி. எனக்கு நிசத்தச் சொல்லுங்க."

அழுதுவிட்டேன். "நிசந்தானுங்க... ஆனா மிளகாயும் அங்கிருந்து வந்ததுதானுங்க. தக்காளியும் அப்படித்தானுங்க."

"மொளகாயுமா?"

காலண்டர்த் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு எழுந்தார். சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டார். "சாமி காரியத்துக்குப் பொய்ச்சீட்டு எதுக்குங்க... வாரேனுங்க."

அடுத்த மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. திருவிழாவன்று தாராபுரம் பஸ் ஏறிவிட்டேன். ஊரைக் கேட்டுக் கேட்டுப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தால், இலையில் ஆவி பறக்க அரசாணிக்காய்ப் பொரியல்! பரிமாறிக்கொண்டு வந்தவர் அவரேதான்.

"எப்படீங்க?" என்றேன்.

"மொளகாயும் சீமைதானாமா, அதையும் எறக்கிப்போட்டு ஆக்குங்கன்னேன். சமையக்காரரு கரண்டியக் கீழ வெச்சுப்போட்டாருங்க. அப்பறம் ஆரும் வாயத் தொறக்குலீங்க. இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?"

சிரித்தேன். கண்ணும் நிறைந்துவிட்டது. மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தப் பொய்ச்சீட்டை நான் ஏன் எழுதினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளியவில்லை. அவர் வேண்டுதலைக் காப்பாற்றவா, என் வேலையைக் காப்பாற்றவா?

பழக்கதோஷம்... இப்போதும் தினம் ஒரு சேதியை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். போன மாதம், நிலவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்று போட்டேன். கட்டைவிரலாக வந்து விழுந்தது. மறுநாள்தான் அது தவறு என்று எனக்கே தெரிந்தது. மனசு கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டு, தெரியாதாம் என்று திருத்திப் போட்டேன்.

அதற்கும் அதே ஆட்கள், அதே கட்டைவிரல்.

யாராவது ஒருத்தர் பஸ் ஏறி வந்து, "இது நிசமாங்க?" என்று கேட்டுவிட மாட்டார்களா என்று இருக்கிறது.