மண்ணா, பீடியா

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில், தரைக்கடி மண்ணிலிருந்து வீடுகளுக்குள் கசியும் ரேடான் என்ற வாயுவை அளக்கும் ஆய்வொன்றில் எனக்கு வேலை. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. காற்றோட்டமில்லாத அறையில் தேங்கினால் நுரையீரலில் புற்று வரக்கூடும். புகையாலும் வரும். எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் அந்த ஆய்வு. சின்னப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை அறையில் தொங்கவிட்டு, சில மாதம் கழித்துக் கழற்றி வருவேன். வீட்டில் யாருக்குப் புகைப் பழக்கம் என்றும் கேட்க வேண்டும்.

ராயபுரத்தில் மாதா கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஒற்றை அறை வீட்டில் ஒரு அக்கா நுரையீரல் புற்றோடு படுத்திருந்தார். கணவருக்குத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வேலை. புகையைப் பற்றிக் கேட்டதும், அவர் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"இங்க யாரும் பிடிக்கிறதில்ல கண்ணு. அப்டியே எழுதிக்கோ."

என்னை வழியனுப்புகிற சாக்கில் கணவர் சந்துமுனை வரை கூடவே வந்தார்.

"அது பொய் சொல்லுதும்மா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த ரூம்லதான் பீடி வலிச்சிகினு இருந்தேன். மண்ணா, பீடியா, எதுன்னு உன் டப்பா சொல்லுமா?"

அக்கா சொன்னதை அடித்துத் திருத்திக்கொண்டேன். சந்துமுனை வரை யாரும் கூட வராத வீடுகளில் எத்தனை பொய்யை உண்மையென்று எழுதி வந்தேனோ!

டப்பாவைக் கழற்றப் போனபோது, கடல் பக்கச் சுவரில் புதிதாக ஒரு சன்னல். அக்கா அதன் கீழே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"நீ மாட்டிட்டுப் போன வாரமே சுவத்த இடிச்சிட்டேன். மூச்சு வுட முடிலன்னுச்சு. வூட்டு ஓனர் கத்துனான், கத்திட்டுப் போறான்" என்றார் கணவர்.

ரேடான் அளவு மிகக் குறைவாக வந்தது. அதற்குள் அக்கா இறந்துபோயிருந்தார்.

ஆய்வை நடத்திய டாக்டரம்மாவிடம் சன்னலைப் பற்றிச் சொன்னேன். "நோயாளிக்காக வீட்டையே மாத்திடறாங்க. அதுக்கப்புறம் போய் நாம அளக்கறோம். இப்படி நாலு வீட்டைச் சேர்த்தா, மண்ணால ஒண்ணுமே இல்லன்னு கணக்கு சொல்லும்" என்றார். அந்த வீட்டை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்.

அக்காவின் கணவரிடம் விஷயத்தைச் சொல்ல நானே போனேன்.

"கம்மியா கீதா? அப்போ மண்ணு இல்ல. என் பீடிதான் அத்த கொன்னுருக்கு."

"இல்லண்ணே. அது சன்னல் வெச்சதுக்கு அப்புறம் உள்ள அளவு. அக்கா இத்தனை வருஷம் மூச்சு விட்ட காத்தை நாங்க அளக்கவே இல்ல. அளந்திருந்தாலும், ஒருத்தருக்கு எதனால வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

அவர் என்னையே பார்த்தார். "நீ நல்ல பொண்ணும்மா. அதுவும் இப்டித்தான் எனக்காகப் பொய் சொல்லும்."

சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். வேறொரு குடும்பம் குடிவந்திருந்தது. மீஞ்சூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். முகவரி யாருக்கும் தெரியவில்லை. நான் அன்று சொன்னது பொய்யில்லை என்று அவரை நம்பவைக்க எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் கிடைக்கவே இல்லை.