இருநூற்றுப் பதினான்கு ஜாக்கெட்டுகளும் ஒரு பழைய டேப்லெட்டும்

எங்கள் வீட்டுப் பழைய டேப்லெட்டை வைத்துக்கொள்வதா, கழித்துக்கட்டுவதா என்று முடிவு செய்ய நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்தேன். குறைகள் பதினொன்று சேர்ந்தன. இணையப் பக்கங்களில் பாதி திறப்பதில்லை. சார்ஜ் இரண்டு மணி நேரம் தாங்காது. ஒரு படம் திறக்க இருபது விநாடி. மற்றவற்றையும் எழுதினால் அதற்கு மனம் வருந்தும். நிறை என்ற பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது: இன்னும் உடையவில்லை.

சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்தது அது. நான் திண்டிவனத்தில் ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், அதை விழுப்புரம் வீட்டில் அம்மாவிடம் விட்டுவிட்டேன். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். தைத்து முடித்த ஒவ்வொன்றையும் படம் பிடித்து அதில் ஏற்றித் தருவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. இருநூற்றுப் பதினான்கு படங்கள் ஆகியிருந்தன. வருகிறவர்களுக்கு அம்மா அதைக் காட்டித்தான் ஆர்டர் எடுப்பார். அழுத்தினால் வேலை செய்யும் பழைய மாதிரித் திரை அது. நகம், தீக்குச்சி, எது பட்டாலும் கேட்கும். அம்மாவுக்கு வாய்த்தது குரோஷா ஊசியின் பின்பக்கம்.

இரண்டாம் வருடம் என் சம்பளத்தில் புது டேப்லெட் ஒன்று வாங்கினேன். படங்களையெல்லாம் அதற்கு மாற்றினேன். பழையதை என்ன செய்வது என்று பிறகு பார்க்கலாம் என்றார் அம்மா.

அந்தச் சமயத்தில்தான் கண்டமங்கலத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பெண்ணுக்கு மட்டும் ஒன்பது ஜாக்கெட். அதுவரை அம்மாவுக்கு ஒன்றும் இரண்டுமாகத்தான் வந்துகொண்டிருந்தன. ஒரு கல்யாணம் முழுசாக வந்ததே இல்லை. வந்தால் அந்தப் பக்கத்துக் கல்யாணங்கள் எல்லாம் வரிசையில் நிற்கும் என்பது அவர் கணக்கு. பெண்ணின் அப்பாவுக்குப் புதுச்சேரியில் கம்பெனி வேலை. அவருக்கு லீவு கிடைத்த நாளில் வருகிறோம் என்றார்கள். அது ஆயுத பூஜை.

காலையிலேயே தையல் மெஷின், கத்தரிக்கோல், அளவு டேப் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சாமிக்கு முன்னால் போய்விட்டன. அவற்றின் நடுவே பழைய டேப்லெட்டும் நெற்றியில் பொட்டோடு சாய்ந்திருந்தது. மறுநாள் காலை வரை எதையும் தொடக்கூடாது. புதியது பூஜைக்கு வரவில்லை. அம்மா அதை இன்னும் சாமான்களில் சேர்க்கவில்லை போலும்.

கல்யாண வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். புதியதை அம்மா மடியில் வைத்து விரலால் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை தொட்டார். முப்பது வருடம் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் நுனியைப் புதுத் திரை விரலென்றே ஒப்புக்கொள்ளவில்லை.

"இன்னாடி இது, நான் தொட்டா மட்டும் உம்முனு கீது?" என்றார் என்னிடம்.

"உங்களக் கண்டா அதுக்கு பயம்க்கா" என்று பெண்ணின் அம்மா சிரித்தார்.

பெண் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். படங்களை விர்ரென்று தள்ளினாள். அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்து இணையத்துக்குப் போய்விட்டாள். அங்கே ஜாக்கெட்டுகளுக்கு முடிவே இல்லை. முதுகில் கண்ணாடி பதித்தது, வலைத்துணியில் கை வைத்தது, மயில் தோகை விரித்தது. ஒவ்வொன்றுக்கும் "இது தைப்பீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். அது வேற மெஷின்ல போடறது என்று அம்மா இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை பொரித் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

யோசித்துவிட்டு போன் பண்ணுவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். எங்கள் தெருவில் அதற்குக் கடைத்தெருவில் இருக்கும் பெரிய டெய்லரிடம் போகிறோம் என்று பொருள்.

பழையதையே எடுத்துக் காட்டியிருக்கலாமே என்றேன்.

"பூஜையில வச்சத எப்பிடிடி எடுப்பேன்? மெஷின் வேற, அது வேறயா?"

என் நோட்டில் இதற்குப் பத்தியே போடவில்லை.

மறுநாள் மறுபூஜை முடிந்ததும் அம்மா வெளியே போகும் புடவையில் நின்றார். பழையதை எடுத்து ஆன் செய்தேன். திறக்கும் படமெல்லாம் தானாகவே மூடிக்கொண்டது. சந்தனம் திரையின் ஓர விளிம்பில் இறங்கிக் காய்ந்திருந்தது. யாரோ விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருப்பதாக அது நினைத்திருக்கிறது. பதினோரு குறைகளோடு பன்னிரண்டாவது: பக்தி அதிகம். விளக்குமாற்றுக் குச்சியும் ஈரத்துணியுமாக அரைமணி நேரம் சுரண்டினேன்.

"ஜல்தியா முடி. பஸ்ஸ வுட்டுட்டு நின்னுக்கினு இருக்க முடியாது."

கண்டமங்கலத்தில் எங்களை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. நேற்று என் சாமானை எடுக்கக்கூடாத நாள், இன்றைக்கு எடுத்துவந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா உட்கார்ந்தார். குரோஷா ஊசியால் திரையில் ஒரு குத்து. படம் மேலிருந்து மெதுவாக இறங்கியது. முதலில் கழுத்து தெரிந்தது. கை வந்து சேர்வதற்குள், அந்தக் கழுத்து யாருக்குத் தைத்தது, என்ன துணி, எங்கே மடிப்பு வாங்கியது என்று அம்மா சொல்லி முடித்திருந்தார். மூன்றாவது படத்தில் பெண் தன் போனைக் கீழே வைத்தாள். ஐந்தாவதில் பெண்ணின் அம்மா ஊசியை வாங்கித் தானே குத்தத் தொடங்கினார்.

"இரும்மா, கை வரட்டும்" என்று மகளை அடக்கினார்.

இது தைப்பீர்களா என்று யாரும் கேட்கவில்லை. அதிலிருந்தது எல்லாமே அம்மா தைத்தது. சார்ஜ் சிவப்பைத் தொட்டபோது எட்டு முடிவாகியிருந்தது. ஒன்பதாவதை, கழுத்தும் பாதிக் கையும் தெரிந்த நிலையிலேயே, திரை அணைவதற்குள் பெண் ஒப்புக்கொண்டாள்.

"இது எங்கக்கா கிடைக்கும்?" என்று பெண்ணின் அம்மா டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்பல்லாம் இது வர்றதில்லங்க" என்றார் அம்மா, தானே பார்த்துச் செய்தது போல. பிறகு பெண்ணைத் தோளைப் பிடித்து நேராக நிறுத்தினார். நான் தரையில் உட்கார்ந்து நோட்டில் வரிசை எண் போட்டு, அவர் சொல்லச் சொல்ல அளவுகளை எழுதிக்கொண்டேன்.